மடிக்கணினிக்கு வல்லாரை

பட்டுப் புடவை வாங்கப் போன இடத்தில், புடவையை மறந்துவிட்டு, ஒரு மடிக்கணினியின் அடிவயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. சிரித்து முடித்ததும் கொஞ்சம் காது கொடுங்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும், "பழசாகிவிட்டது" என்று ஒதுக்கிய மடிக்கணினி ஒன்று துணிக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கக் கூடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரணிப் பட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊருக்கு அருகே திருமலை என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஏழுமலையான் குடியிருக்கும் திருமலை அல்ல. இது சமணர்களின் திருமலை. ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயம் இங்கேதான் இருக்கிறது. பாறையில் செதுக்கிய நேமிநாதர் சுமார் 16 மீட்டர் உயரத்தில் அமைதியாக நிற்கிறார். ராஜேந்திர சோழனின் படைகள் கங்கை வரை சென்று வந்த கதையைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றும் இந்த மலையில் உண்டு. வெட்டிச் சுமார் ஆயிரம் ஆண்டுகள் ஆயிற்று. கல் இன்னும் கதையை மறக்கவில்லை. இந்தக் கல்வெட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

நான் போன வீடு ஒரு நெசவாளர் வீடு. கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கின. வீட்டு அம்மாள் தார் சுற்றிக்கொண்டிருந்தார். மூலையில், கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் சின்ன மகள், அழுது முகம் வீங்கி, ஒரு மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கணினி அவளுடைய அக்காள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு மாணவ மாணவிகளுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கணினி. இன்றைக்கும் அது ஒன்றே கணினி. அக்காளிடமிருந்து தங்கைக்குப் பாவாடை தாவணி இறங்குவது போல இதுவும் இறங்கி வந்திருந்தது.

"என்னம்மா விஷயம்?" என்றேன்.

"ஒரு பக்கத்தைத் திறன்னா, அது திறக்கறதுக்குள்ள நான் ஒரு தார் சுத்தி முடிச்சிடுவேம்மா" என்றார் தாய். "கடையில காட்டினோம். இது அவ்ளோதான், புதுசு வாங்குங்க, 35,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. அதான் இதை..." என்று தலையை ஒருபுறம் சாய்த்தார். காது மூளியாக இருந்தது. தோடு இரண்டும், அவற்றின் திருகாணிகளோடு, ஒரு காகிதத்தில் மடித்து மாடத்தில் இருந்தன. மறுநாள் அடகுக் கடைக்குப் போக வேண்டியவை.

மகளின் அழுகைக்குக் காரணம் வேறு. முந்தின நாள் பன்னிரண்டு பக்கம் கட்டுரை அடித்திருக்கிறாள். மின்சாரம் போயிற்று. கணினியின் பாட்டரி எப்போதோ உயிரை விட்டுவிட்டது. சேமித்து வைக்காத பன்னிரண்டு பக்கமும் போன இடம் தெரியவில்லை.

"கடைக்காரர் இதைத் திறந்து பார்த்தாரா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. பார்த்ததுமே சொல்லிட்டாரு."

நாடி பிடித்துக்கூடப் பார்க்காமல் வைத்தியர் கையை விரிக்கலாமா? அதற்குப் பிறகுதான் புடவை எனக்கு மறந்து போயிற்று.

கோலமும் கல்வெட்டும்

கணினிக்கு இரண்டு வகை ஞாபகம் உண்டு. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று வட்டு, ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி. என்று சொல்கிறார்களே, அது. நீங்கள் சேமித்த படம், கடிதம், கணக்கு எல்லாம் அதில் இருக்கும். மின்சாரம் போனாலும் போகாது. அது திருமலைக் கல்வெட்டு. மற்றொன்று ராம் என்னும் வேலை நினைவகம். கணினி இந்த நிமிஷத்தில் செய்துகொண்டிருக்கும் வேலை மட்டும் அதில் இருக்கும். அது வாசல் கோலம். தண்ணீரைக் கொட்டினால் போயிற்று! அந்தப் பெண்ணின் பன்னிரண்டு பக்கமும் கோலமாக இருந்தபோதே அழிந்துவிட்டது. கல்லில் ஏறவே இல்லை.

ஏன் அப்படி மறதி? இப்போது நாம் உபயோகிக்கும் ராம், ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1966-இல் கண்ட யோசனை. 1968-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வோர் எழுத்துத் துணுக்கும் ஒரு மிகச் சிறிய மின்சாரக் கிண்ணத்தில் தங்குகிறது. அந்தக் கிண்ணங்கள் எல்லாம் ஒழுகுகிறவை. ஆகையால் சாதாரணமாக 64 மில்லி விநாடிக்குள், அதாவது விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், அவற்றை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் நிரப்ப ஆள் ஏது?

சரி, வேகம் குறைவது எதனால்? சமையல் மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். மேடை பெரியதாக இருந்தால் கத்தரிக்காயும் இருக்கும், சாம்பார்ப் பொடியும் இருக்கும், மிக்ஸியும் இருக்கும். மேடை முழ அகலந்தான் என்றால், ஒன்றை எடுக்க மற்றொன்றைப் பரணில் ஏற்ற வேண்டும். மறுபடி அது வேண்டுமென்றால் ஏணி போட்டு இறக்க வேண்டும். ராம் நிறைந்துவிட்டால் கணினி செய்வது இந்த ஏணி வேலையைத்தான். வட்டு என்கிற பரணுக்கும் மேடைக்கும் நடந்து நடந்தே அது களைத்துப் போகிறது. மேடையை அகலமாக்குவதுதான் ராம் கூட்டுவது. ஞாபகத்துக்கு நாம் வல்லாரை சாப்பிடுகிறோம் அல்லவா? அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: இந்த வல்லாரை உடனே பலன் தரும்!

முதலில் நாடி பாருங்கள்

வியாதி இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. வழக்கமாக நீங்கள் என்னென்ன திறந்து வேலை செய்வீர்களோ அத்தனையையும் திறந்து வைத்துவிட்டுப் பாருங்கள். எப்போதும் நூற்றுக்கு 85, 90 என்று நின்றால் மேடை போதவில்லை என்று அர்த்தம். நினைவகம் பாதிதான் நிறைந்திருக்கிறது, ஆனால் டிஸ்க் என்ற இடத்தில் 100 என்று நிற்கிறது என்றால் நோய் வேறு. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதே அதற்கு மருந்து. ராமுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

திருமலைக் கணினியில் ராம் மொத்தம் 4 ஜி.பி.; அதில் நூற்றுக்கு 94 நிறைந்திருந்தது. அதே பக்கத்தில் இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது: இரண்டு குழிகளில் ஒன்றுதான் உபயோகத்தில் இருக்கிறது என்று. அதாவது ஒரு குழி காலி!

எல்லாக் கணினியிலும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது. மெல்லிய கணினிகள் பலவற்றில் ராமைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். 2020 முதல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளைப் போட்டு விற்கும் மடிக்கணினிகளில் பின்னால் ராம் கூட்டவே வழியில்லை. புதிதாக வாங்குகிறவர்கள், "பிறகு ராம் கூட்டலாமா?" என்ற கேள்வியைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஜாதகப் பொருத்தம். ராமில் டி.டி.ஆர். 3, 4, 5 என்று தலைமுறைகள் உண்டு. மடிக்கணினிக்கான டி.டி.ஆர். 3-க்கு 204 ஊசிகள், டி.டி.ஆர். 4-க்கு 260. அடிவிளிம்பில் உள்ள வெட்டும் ஒவ்வொன்றில் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். ஆகவே ஒன்றின் குழியில் மற்றொன்று உட்காராது. பலவந்தம் செய்தால் குழி உடையும். டி.டி.ஆர். 3-இலேயே 1.5 வோல்ட்டில் ஓடுவது ஒன்று, எல் என்ற எழுத்தோடு 1.35 வோல்ட்டில் ஓடுவது ஒன்று. மேஜைக் கணினியின் ராம் நீளமானது. மடிக்கணினிக்கு அதில் பாதி நீளமுள்ளதே வேண்டும். எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, பழைய ராமின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் பிடித்துக்கொண்டு போய், "இதே ஜாதி கொடுங்கள்" என்று கேட்பது.

இன்னும் ஒரு பொறி இருக்கிறது. கணினியில் இருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டாலும் அதற்குக் கண் தெரியாது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பழைய பதிப்போ 2 ஜி.பி.யோடு நின்றுவிடும். இதைப் பார்க்காமல் ராம் வாங்கினால், சின்ன டம்ளரில் ஒரு படி பாலை ஊற்றின கதைதான்.

பட்டு உடுத்த வேண்டாம்

அந்தப் பெண் காலைப் பேருந்தில் வேலூர் போய் மத்தியானத்துக்குள் 4 ஜி.பி. ராம் ஒன்றோடு திரும்பினாள். கை அகலம்கூட இல்லாத ஒரு பச்சைப் பட்டை. விளிம்பில் பொன்னிறப் பற்கள். "இதுக்குத்தானா?" என்றார் தாய், தோடு இருந்த மாடத்தைப் பார்த்துக்கொண்டே.

பட்டு நெய்யும் வீட்டில் நான் சொன்ன முதல் வார்த்தை, "பட்டுப் பக்கத்தில் வேண்டாம்" என்பது. பட்டும் நைலானும் உராய்ந்தால் நிலைமின்சாரம் பிறக்கும். நம் விரலில் சுருக்கென்று ஒரு பொறி தைத்ததாகத் தெரிய வேண்டுமானால் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். ஆனால் சில்லுக்கு அதில் சிறு பங்கே போதும்; நமக்குத் தெரியாமலே அதன் உயிர் போய்விடும். ஆகவே பருத்திப் புடவை, வெறுங்கால், சிமெண்டுத் தரை. தொடங்குமுன் இரும்புக் குழாயையோ ஜன்னல் கம்பியையோ ஒரு தரம் தொட்டுவிடுங்கள். ராமை ஓரத்தில் பிடியுங்கள். பொன் பற்களில் விரல் படக் கூடாது.

இனி வேலை. முக்கியமானவற்றை முதலில் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். கணினியைத் தூங்க வைத்தால் போதாது. முழுக்க அணைக்க வேண்டும். மின் கம்பியைப் பிடுங்குங்கள். கழற்றக் கூடிய பாட்டரி என்றால் கழற்றுங்கள். உள்ளே இருப்பது என்றால், மூடியைத் திறந்ததும் முதல் காரியமாக அதன் இணைப்பை எடுங்கள். பிறகு, மூடும் திறக்கும் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தினால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். பாட்டரி உப்பியிருந்தால் மட்டும் கையை வைக்காதீர்கள். தீப்பிடிக்கும் சமாசாரம் அது. தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்துகொண்டு, எடுத்த திருகாணியை எடுத்த இடத்திலேயே வையுங்கள். புள்ளிக் கோலம் மாதிரி. நீளம் ஒன்று போல இருக்காது. குட்டையான இடத்தில் நீண்டதை முடுக்கினால் உள்ளே குத்திவிடும். சில கணினிகளில் அடியில் ஒரு சிறிய கதவே இருக்கும். சிலவற்றில் அடிமூடி முழுவதையும் எடுக்க வேண்டும். இரும்பால் நெம்பாமல் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் மெதுவாக நெம்புங்கள்.

உள்ளே பார்த்ததும் தாய் குனிந்து உட்கார்ந்துவிட்டார். மகளுடைய விரல் நடுங்கிற்று. "இங்க கொடுடீ" என்று வாங்கிக்கொண்டார். புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்துப் பழகிய விரல்கள் அவை. ராமின் வெட்டும் குழியின் முளையும் நேராக வரும்படி, 30 டிகிரி சாய்வில், பொன் பற்கள் மறையும் வரை செருகினார். பிறகு மேலிருந்து அழுத்தினார். இரண்டு பக்கக் கொக்கிகளும் டக்கென்று பிடித்துக்கொண்டன.

மூடினோம். பொத்தானை அழுத்தினோம். திரை கறுப்பாகவே இருந்தது! மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... எனக்கும் வயிற்றில் புளி கரைந்தது என்பதை உங்களிடம் மறைப்பானேன்? ஆனால் பத்தில் ஒன்பது தடவை இதற்குக் காரணம், ராம் சரியாகப் பதியாததுதான். மறுபடி எல்லாவற்றையும் அணைத்து, பிரித்து, ராமை எடுத்து, இன்னும் அழுத்தமாகச் செருகினோம். இந்தத் தரம் வெளிச்சம் வந்தது. மெமரி என்ற இடத்தில் 8 ஜி.பி.!

பாடப் படமும் கட்டுரையும் பத்துப் பக்கங்களும் சேர்ந்து திறந்திருக்க, கணினி மூச்சு வாங்காமல் ஓடியது. நினைவகம் நூற்றுக்கு 55-ஐத் தாண்டவில்லை.

இது நம் கைவேலை

தாய் நிமிர்ந்து தறியைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இந்த ஞாபகம்லாம் அதுக்குள்ள எப்படிம்மா நிக்குது?"

அவர் தலைக்கு மேலேயே பதில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் 1804-இல் ஜோசப் மாரி ஜக்கார்டு செய்த தறி, துளை இருந்தால் இழை தூக்கு, இல்லாவிட்டால் விடு என்று அட்டையைப் பார்த்துப் பூப்போடும். "உண்டு, இல்லை" என்ற அந்த இரண்டே வார்த்தைகளில்தான் கணினியும் பேசுகிறது. சார்லஸ் பாபேஜ் தம்முடைய கணக்கு யந்திரத்துக்கு அட்டை யோசனையை எடுத்துக்கொண்டது இந்தத் தறியிலிருந்துதான்.

இன்னொன்றும் சொன்னேன். 1969-இல் மனிதனைச் சந்திரனில் இறக்கிய அப்பல்லோ கணினியின் நிலையான நினைவகத்தைப் பெண்கள் கையால் கோத்தார்கள். அமெரிக்காவில் வால்தம் என்ற ஊரின் ரேதியான் தொழிற்சாலையில், சிறு காந்த வளையங்களின் உள்ளேயும் வெளியேயுமாகக் கம்பியை நுழைத்து நுழைத்து நெய்தார்கள். அவர்களில் நெசவாலையிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஒரு கம்பி தப்பினாலும் கணக்குத் தப்பும். அந்தக் கணினியின் அழித்தெழுதும் நினைவகம் 2,048 சொற்கள். நம் கணக்கில் 4 கே.பி. திருமலை வீட்டுக் கணினியில் இப்போது இருப்பது அதைப்போல 20 லட்சம் மடங்கு!

"அப்ப இது நம்ம வேலைதான்" என்றார் அந்த அம்மாள். நான் ஒரு பக்கம் எழுதிச் சொல்ல நினைத்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஆம், சகோதரிகளே. தையல் யந்திரத்தில் ஊசி மாற்றுகிறோம். குக்கருக்கு வளையம் மாற்றுகிறோம். மிக்ஸி ஜாடியைப் பிரித்துக் கழுவுகிறோம். கணினி என்றதும் மட்டும், "நமக்கெதற்கு?" என்று ஒதுங்குகிறோம். அந்த ஒதுங்கலுக்கு அன்று ஒரு ஜோடித் தோடு விலையாகப் போக இருந்தது.

ஆனால் எல்லாக் கணினியும் இப்படிப் பிழைத்துவிடும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பழைய கணினி பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றுக்கு லினக்ஸ் போன்ற இலவச ஏற்பாடு நல்லது. 2025 கடைசியில் ராம் விலையும் கிடுகிடுவென்று ஏறிற்று; செயற்கை அறிவுக் கூடங்களுக்கே தொழிற்சாலைகள் சில்லுகளை அனுப்பத் தொடங்கியதால் வந்த வினை அது. இரண்டு கடையில் விலை கேளுங்கள். உத்தரவாத காலம் முடியாத கணினியைத் திறக்குமுன் அதன் நிபந்தனையைப் படியுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் புதியதுதான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

போன பன்னிரண்டு பக்கம் போனதுதான். அது திரும்பி வராது என்று சொன்னபோது அந்தப் பெண் தலையை ஆட்டினாள். முதல் பக்கத்தை மறுபடி அடிக்கத் தொடங்கினாள். முதல் பத்தி முடிந்ததும், யாரும் சொல்லாமலே, கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திச் சேமித்தாள். கோலம் கல்வெட்டாயிற்று.

அம்மாள் மாடத்துக் காகிதத்தைப் பிரித்துத் தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, திருகாணியை முடுக்கினார். அன்றைக்கு அவர் முடுக்கிய கடைசித் திருகாணி அது.